கொழும்பிலிருந்து மலைநாட்டில் ஒரு நாள் தனிநடை

ஒரு பகல் முழுவதும் யாருடைய வேகத்துக்கும் ஈடுகொடுக்காமல், பேச்சுத்துணை எதுவுமின்றி, மலைநாட்டுப் பாதையொன்றில் தனியே நடந்துவர வேண்டும் என்று விரும்பும் கொழும்புவாசிகளுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. விடியுமுன் புறக்கோட்டையில் பஸ் ஏறி, நான்கைந்து மணி நேரம் நடந்து, இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ திரும்பிவிடுவது உடல்நலமுள்ள எவருக்கும் இயலக்கூடிய காரியமே. ஆனால் தனியே நடப்பது வேறு, எவர் கண்ணிலும் படாத இடத்தில் நடப்பது வேறு. முதலாவதுதான் நாம் தேடுவது, இரண்டாவது ஆபத்து. பாதையைத் தெரிவுசெய்வதிலிருந்து திரும்பும் பஸ்ஸைப் பிடிப்பது வரை இங்கே சொல்லப்படும் ஒவ்வொன்றும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

சிகரம் வேண்டாம், தோட்டப் பாதை போதும்

மலை என்றதும் உச்சியே நினைவுக்கு வரும். கூட்டமாகப் போகிறவர்களுக்கு உச்சி பொருந்தும். தனியாகப் போகிறவருக்கு, அதிலும் முதல் தடவையாகப் போகிறவருக்கு, அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. இதற்குக் காரணம் உயரம் அன்று. ஹந்தானை மலைத்தொடரை எடுத்துக்கொண்டால், அதன் மிக உயர்ந்த முனைகூட 1,200 மீற்றரை எட்டாது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தொடர் கண்டி நகரத்திலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரியும். ஆயினும் மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து நிற்கும் அதன் முகட்டில் பிற்பகல் மூடுபனி இறங்கிவிட்டால், பத்தடிக்கு அப்பால் பாதை இருப்பதே தெரியாது. அங்கு வழிதவறிய குழுக்களைப் பொலிஸாரும் இராணுவத்தினரும் தேடி மீட்டுவந்த செய்திகளை நாம் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம். கூட்டமாகப் போனவர்களுக்கே இந்தக் கதி என்றால், கணுக்கால் பிசகித் தனியே முகட்டில் உட்கார்ந்திருப்பவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

அதே மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும் தோட்டப் பாதையில் நிலைமை முற்றிலும் வேறு. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது எதிர்ப்படுவார்கள்: கொழுந்து பறிக்கும் பெண்கள், விறகுக்கட்டுடன் இறங்கிவரும் ஒருவர், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள், கொழுந்து ஏற்றிப் போகும் லொறி. நடக்கிறவருக்கு அவர்களால் தனிமை குறையப்போவதில்லை. ஒரு வணக்கத்தோடு அவர்கள் தங்கள் வழியே போய்விடுவார்கள். ஆனால் உங்களை இன்ன நேரத்தில் இன்ன திருப்பத்தில் கண்டதாகச் சொல்ல ஓர் ஆள் இருப்பார். தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே இன்னொரு பெரிய வசதியும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் நின்று வழி கேட்பதற்கு நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பணம் கொடுத்து வழிகாட்டியை அமர்த்திப் பெறும் தகவலை, நாம் ஒரு கேள்வியில் பெற்றுவிடலாம்.

இந்தப் பாதைகள் நடைக்கு இவ்வளவு இசைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்த பின் தேயிலைக்காகவும் இவை வெட்டப்பட்டன. சுமையோடு மனிதரும் மாட்டுவண்டியும் ஏற வேண்டியிருந்ததால், செங்குத்தாக மேலே பாயாமல் மலையின் வளைவோடு வளைந்து மெல்ல மெல்ல ஏறும்படி அமைக்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்களே அவற்றை வெட்டினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று அதே பாதையோரத்து லயங்களில் வாழ்கிறார்கள். பாதையில் நடக்கும்போது இந்த நினைவும் கூடவே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் அது நம் நடத்தையைத் திருத்தும்.

எங்கே தொடங்கலாம்

கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப நான் பரிந்துரைக்கும் முதல் பாதை, ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்திலிருந்து கலஹா நகரம் வரையிலான பாதை. பழைய தோட்டப் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, கண்டிக்கு அருகிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும்படி 22 கட்டங்களாக உருவாக்கப்பட்ட பீக்கோ ட்ரெயில் என்னும் நடைபாதையின் முதற்கட்டம் இது. நீளம் ஏறத்தாழ 13 கிலோமீற்றர். தேயிலை மலைகள், பைன் தோப்புகள், சிங்கள, தமிழ்க் குடியிருப்புகள் என மாறி மாறி வரும். வழிகாட்டிப் பலகைகள் இருந்தாலும் அவற்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

கண்டியை அடைய பஸ் உண்டு, பாதை சீராக இருந்து ஓடினால் ரயிலும் உண்டு. கோட்டையிலிருந்து காலை ரயிலில் போனால் கடுகண்ணாவ ஏற்றத்தின் அழகைக் காணலாம், உண்மைதான். ஆனால் நடை தொடங்கப் பத்து மணிக்கு மேலாகிவிடும். விடியற்காலை நான்கு மணியளவில் பஸ் ஏறினால் ஏழு, ஏழரைக்குக் கண்டியில் இருக்கலாம் என்பதால், போகும்போது பஸ்ஸே மேல். கண்டி ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்து உடுவெல செல்லும் பஸ் அருங்காட்சியகத்தைக் கடந்து போகிறது; தாமதமானால் முச்சக்கரவண்டி பிடித்துக்கொள்ளலாம், தூரம் நான்கைந்து கிலோமீற்றர்தான். அருங்காட்சியகக் கட்டடம் 1925இல் தேயிலைத் தொழிற்சாலையாகக் கட்டப்பட்டது. உள்ளே போய்ப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கென்று வேறொரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். நடை நாளின் காலைப்பொழுதை அங்கே செலவிட வேண்டாம்.

கலஹாவில் முடிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கடைத்தெருவும் பஸ்ஸும் உள்ள ஊர். அங்கிருந்து பேராதனைக்கு நேரடிப் பாதை இறங்குகிறது. பேராதனையில் கலஹா சந்தியில் இறங்கினால் கொழும்புப் பிரதான வீதியில் நிற்பீர்கள், கண்டிக்குத் திரும்பிப் போய் நேரம் வீணாக்கத் தேவையில்லை. தனிநடைக்கு எந்தப் பாதையைத் தெரிவுசெய்தாலும் முடியும் இடத்தை முதலில் பாருங்கள், தொடங்கும் இடத்தைப் பிறகு பாருங்கள். தொடக்கத்தில் தவறினால் அரை மணி நேரம்தான் நட்டம். முடிவில் தவறினால் இருட்டில் நிற்க நேரிடும்.

மாதமும் கிழமையும்

கண்டிப் பக்கத்துக்கு ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையிலான காலம் மிக நல்லது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நடக்கவே முடியாது என்பதில்லை, ஆனால் அட்டையும் வழுக்கலும் மிகும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும், மீண்டும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை பளிச்சென்று வெளுத்திருக்கும், பிற்பகல் இரண்டு மணிக்கு இடி முழங்கும். அந்த மாதங்களில் போவதென்றால் நண்பகலுக்குள் நடையின் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும்.

மழையைவிட முக்கியமானது மண். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கொட்டிய மழை கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகளைப் பெயர்த்துப் பல உயிர்களைக் கொண்டுபோனது. மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. அதற்கு முன் வரையப்பட்ட வரைபடத்தில் இருக்கும் ஒற்றையடிப் பாதை இப்போது இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். பின்னது பிரதேச செயலகப் பிரிவுவாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வரும். நீங்கள் போகவிருக்கும் பிரிவுக்கு மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அங்கேயே குடியிருப்பவர்கள் விழிப்போடு இருக்க வேண்டும் என்று சொல்லப்படும் நாளில் பொழுதுபோக்காக அங்கே போய் நிற்பது அழகன்று.

கிழமையைப் பொறுத்தவரை, முடிந்தால் வேலைநாளில் லீவு எடுத்துப் போங்கள். வேலைநாளில் மலைகளில் ஆட்கள் இருப்பார்கள், தொழிற்சாலை இயங்கும், பாடசாலை பஸ் ஓடும். ஞாயிற்றுக்கிழமையில் தேயிலை மலை வெறிச்சோடிக் கிடக்கும், எல்லோரும் கடைத்தெருவிலோ வீட்டிலோ இருப்பார்கள். போயா நாள்களில் ஹந்தானைப் பக்கம் கூட்டமாக வருகிறவர்களின் சத்தம் தனிமையைத் தேடிப் போகிறவருக்கு ஒத்துவராது.

நேரக் கணக்கு

1892இல் ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணி நேரம். 13 கிலோமீற்றர் தூரமும் மொத்தம் 400 மீற்றர் ஏற்றமும் உள்ள ஒரு பாதைக்கு இது மூன்றேகால் மணி நேரம் என்று வரும். குளிர்நாட்டில், நடந்து பழகிய கால்களுக்கு, ஓய்வில்லாமல் போட்ட கணக்கு அது. நம்முடைய வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும், வழி கேட்கவும் தண்ணீர் குடிக்கவும் நிற்பதற்கும் பாதிப் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரம் என்பது நேர்மையான மதிப்பீடாக இருக்கும்.

பிறகு பொழுது சாயும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நம் நாட்டில் நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும். மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் இருள் இன்னும் முந்திக்கொள்ளும். பிற்பகல் மூன்று மணிக்குக் கலஹாவில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எட்டேகாலுக்கு நடக்கத் தொடங்கியவர் பதினொரு மணிக்குப் பாதித் தூரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டியிருக்காவிட்டால் அங்கேயே முடிவெடுங்கள்: வந்த வழியே திரும்புங்கள், அல்லது அருகிலுள்ள தார் வீதிக்கு இறங்கி பஸ் பிடியுங்கள். இந்த நேரத்தை முதல்நாளே ஒரு கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் களைத்த மனம் எப்போதும் "இன்னும் கொஞ்சம்" என்றே சொல்லும். உடன் வருகிறவர் தடுத்துச் சொல்ல வேண்டியதை, தனியே நடக்கிறவருக்கு அந்தக் கடதாசிதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கடதாசியின் பிரதியொன்றை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். பாதையின் பெயர், கடந்துபோகும் தோட்டங்களின் பெயர், எத்தனை மணிக்கு அழைப்பீர்கள், எத்தனை மணி வரை அழைப்பு வராவிட்டால் அவர்கள் பொலிஸ் அவசர எண்ணான 119க்கு அழைக்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். "கண்டிப் பக்கம் போயிட்டு வாறன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவது தகவல் ஆகாது.

காலும் பையும்

கொழும்பு தட்டையான ஊர். காலிமுகத்திடலில் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவருக்கு மூச்சு பழகியிருக்கும், முழங்கால் பழகியிருக்காது. மலையில் ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கம்தான் முழங்காலை உடைக்கும். தொடர்மாடியில் குடியிருக்கிறவர்களுக்கு இதற்கு மருந்து வாசலிலேயே இருக்கிறது: மூன்று வாரங்களுக்கு லிஃப்டை மறந்துவிட்டு, ஏறுவதற்கு மட்டுமல்லாமல் இறங்குவதற்கும் படிகளையே பயன்படுத்துங்கள். இறங்கும்போது பிடிமானத்தைத் தொடாமல், முழங்காலைச் சற்று மடித்து, சிறு அடியாக வைத்துப் பழகுங்கள். மலைப்பாதையிலும் இதே நடைதான்.

சப்பாத்து புதியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அடிப்பாகத்தின் பள்ளங்கள் தேயாமல் இருக்க வேண்டும், காலுக்கு ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். பைன் தோப்புக்குள் உதிர்ந்து கிடக்கும் ஊசியிலைகள் எண்ணெய் தடவிய தரைபோல வழுக்கும். பாசி படிந்த கல்லைவிட அவை மோசம், ஏனென்றால் பார்ப்பதற்கு உலர்ந்தே இருக்கும். நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணியுங்கள். மானாப்புல்லின் ஓரம் கையைக் கீறுவது அந்த நேரத்தில் தெரியாது, வியர்வை பட்ட பிறகுதான் எரியும்.

தண்ணீர் இரண்டு லீற்றர், அதோடு நீரிழப்பை ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் ஒரு பக்கெட். தோட்டத்து ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் குடிக்க வேண்டாம். மேலே மருந்து தெளித்த மலை இருக்கலாம், குடியிருப்பு இருக்கலாம். சாப்பாட்டுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அதிகாலை மூன்று மணிக்குக் கட்டிய கறிச்சோறு நண்பகல் வெயிலில் என்னவாகும் என்பதை யோசித்தால் அதைத் தவிர்ப்பார்கள். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும், இரண்டு கதலி வாழைப்பழம், கொஞ்சம் கச்சான் இவை போதும். மழைக்கோட்டு, சிறு டோர்ச், பவர் பேங்க், விசில், தேசிய அடையாள அட்டை, வழக்கமாக எடுக்கும் மருந்து, சில்லறையாக மாற்றிய பணம் என்பவற்றோடு பையை மூடிவிடலாம். விசில் எதற்கு என்று கேட்கலாம். பள்ளத்தில் விழுந்தவரின் குரல் ஐந்து நிமிடத்தில் கம்மிவிடும், விசில் கம்மாது.

கைத்தொலைபேசியில் வரைபடத்தை இணைய இணைப்பின்றித் திறக்கும்படி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் விழுந்துவிடும், தேடிக்கொண்டே இருக்கும் தொலைபேசியின் பற்றரி வேகமாகத் தீரும். எனவே நடக்கும்போது அதை விமானப் பயணத்துக்குரிய நிலையில் வைத்து, திருப்பங்களில் மட்டும் பார்ப்பது சிக்கனம்.

பாதையில்

வழி கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. "இது கலஹாவுக்குப் போற பாதைதானே?" என்று கேட்டால் பெரும்பாலும் "ஆமாங்க" என்றே பதில் வரும், ஏனென்றால் எல்லாப் பாதையும் எப்படியோ கலஹாவுக்குப் போய்ச் சேரும், வந்தவரை மறுத்துப் பேசவும் அவர்களுக்கு மனம் வராது. "அக்கா, இந்தப் பாதை எங்க போகுது?" என்று கேளுங்கள். "இது மேட்டு லயத்துக்குப் போகுதுங்க. கலஹாவுக்குன்னா அந்தா தெரியுது பாருங்க கோயில், அதுகிட்ட பணிய எறங்குங்க" என்று, ஓர் அடையாளத்தோடு பதில் கிடைக்கும். தூரத்தையும் கேட்க வேண்டாம். தினமும் அந்த ஏற்றத்தில் சுமையோடு நடக்கிறவர்களுக்கு எல்லாமே "கிட்டத்தான்". பஸ் எத்தனை மணிக்கு, மண்சரிவு எங்கேயாவது பாதையை வெட்டியிருக்கிறதா, இன்றைக்கு எந்த மலையில் வேலை நடக்கிறது என்பவற்றைக் கேளுங்கள். சிங்களக் கிராமத்தைக் கடக்கும்போது "மே பார கொஹெத யன்னே?" என்ற ஒரு வரி போதும், கைகாட்டிச் சொல்லிவிடுவார்கள்.

தோட்டத்து வழக்கில் மலை என்பது எண்ணிட்டுப் பிரித்த ஒரு தேயிலை நிலத்துண்டு. ஒவ்வொரு தேயிலை மலையின் முனையிலும் ஒரு சிறு பலகையோ வெள்ளை பூசிய கல்லோ நிற்கும். அதில் மலையின் எண்ணும் பரப்பும் எழுதப்பட்டிருக்கும். கடந்துபோகும்போது அதைப் படித்துக்கொண்டே போங்கள், முடிந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உதவி தேவைப்படும் நேரத்தில் 1990 அம்புலன்ஸுக்கோ 119க்கோ "ஹந்தானையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன்" என்று சொல்வதால் பயனில்லை. தோட்டத்தின் பெயர், எந்தப் பிரிவு, எத்தனையாம் நம்பர் மலை என்று சொன்னால் அந்தத் தோட்டத்தில் உள்ள எவரும் உங்களைத் தேடி வந்துவிட முடியும். தோட்டத்துக்குப் பலகையில் ஒரு பெயரும் மக்கள் வாயில் வேறொரு பெயரும் இருப்பது சாதாரணம்; எதிர்ப்படுகிறவரிடம் இரண்டையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்துகளில் சிறுத்தையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். மலைநாட்டில் சிறுத்தை இருக்கிறது, ஆனால் பகலில் பாதையில் நடக்கும் மனிதரைக் கண்டால் அது விலகிப்போகும். உண்மையில் அஞ்ச வேண்டியது குளவிக்கு. தேயிலைத் தொழிலாளர்கள் குளவி கொட்டி வைத்தியசாலையில் சேர்க்கப்படுவதும், சிலர் இறந்துபோவதும் மலையகச் செய்திகளில் ஓயாமல் வருகின்றன. கூடு உயர்ந்த மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் இருக்கும், தேயிலைச் செடிக்குள்ளும் இருக்கும். காற்றோ பருந்தோ கலைத்துவிட்டால் போதும், நீங்கள் ஒன்றும் செய்திருக்கத் தேவையில்லை. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போக வேண்டாம். மலையில் வேலைசெய்கிறவர்கள் ஒரு மரத்தைக் காட்டி "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால், சுற்றுவழி எவ்வளவு நீளமானாலும் அதையே எடுங்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல், தலையையும் முகத்தையும் சட்டையால் மூடிக்கொண்டு, அருகிலுள்ள கட்டடத்தை நோக்கி ஓடுங்கள். பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ, காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

அட்டை தொல்லைதான், ஆபத்து இல்லை. காற்சட்டையின் கீழ் முனையைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் காய்ந்த சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டால் பெரும்பாலானவை ஏறாது. மேலேறி ஒட்டிக்கொண்டதைப் பிய்த்து இழுக்காமல், அதன் மெல்லிய நுனிப்பக்கம் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, ஆகவே கடித்த இடம் வெகுநேரம் கசிந்துகொண்டிருக்கும். பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் கழுவி ஒரு துணியை அழுத்திக் கட்டினால் போதும்.

பாதையை விட்டுப் புதருக்குள் இறங்க வேண்டாம், குறுக்குவழி என்று தோன்றினாலும் வேண்டாம். காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் சுருக்குக் கம்பியும், கம்பியில் கால் தட்டினால் வெடிக்கும் கட்டுத்துப்பாக்கியும் அங்கேதான் இருக்கும். சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும் விரியனும் அங்கேதான் இருக்கும். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், ஆட்களைக் கூப்பிட்டு, அரசாங்க வைத்தியசாலைக்குப் போவதே வழி. நாய் கடித்தால் சவர்க்காரத்தால் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே அரசாங்க வைத்தியசாலையில் விசர்நாய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் நடையை நிறுத்திக் கட்டடமொன்றுக்குள் போக வேண்டும். தனித்து நிற்கும் மரத்தடியும், தகரம் வேய்ந்து நாற்புறமும் திறந்த, கொழுந்து நிறுக்கும் மடுவமும் பாதுகாப்பு அல்ல. லயத்துக் கதவைத் தட்டினால் யாரும் போ என்று சொல்லமாட்டார்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பின்னரே கிளம்புங்கள்.

வழி தப்பிவிட்டது என்று தோன்றிய கணத்திலேயே நில்லுங்கள். மேற்கொண்டு நடந்து சரிசெய்துவிடலாம் என்ற எண்ணம்தான் மனிதரைத் தொலைக்கிறது. கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கு, வந்த சுவட்டிலேயே திரும்புங்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊருக்குப் போய்விடலாம் என்ற பழைய யோசனை மலைநாட்டில் உதவாது, ஏனென்றால் அந்த ஓடை அடுத்த வளைவில் அருவியாக விழும். தேயிலைக்குள் இருந்தால் மட்டும் ஒரு நம்பிக்கை உண்டு: பறிக்கிறவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை எதுவும் கடைசியில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கோ லொறிப் பாதைக்கோ வந்துதான் ஆக வேண்டும்.

தனியே நடக்கும் பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது, முதல் நடைக்கு வேலைநாளைத் தெரிவுசெய்யுங்கள், கொழுந்து பறிக்கும் பெண்கள் இருக்கும் மலைகளை ஒட்டிய பாதையில் போங்கள், சம்பள நாள் மாலையைத் தவிருங்கள் என்பதே. வேலையை மேற்பார்க்கும் ஒரு கங்காணியிடமோ, தொழிலாளரின் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பிராவில் இருக்கும் ஆயாவிடமோ எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு நடந்தால், செய்தி உங்களுக்கு முன்பே அடுத்த பிரிவுக்குப் போய்விடும். அது இடைஞ்சலாகத் தோன்றலாம், ஆனால் அதுவே காவல்.

இது பிறருடைய வேலைத்தலமும் வீட்டு முற்றமும் என்பதை ஒரு கணமும் மறக்க வேண்டாம். கூடையோடு குனிந்து நிற்கும் பெண்ணைக் கேட்காமல் படம் எடுப்பது, அலுவலகத்தில் உங்கள் மேசைக்கு எதிரே நின்று அந்நியர் ஒருவர் படம் எடுப்பதற்குச் சமம். பேர் போட, அதாவது அன்றைய நாட்சம்பளம் பதிவாக, பறித்துக் கொடுக்க வேண்டிய கிலோக்கணக்கு அவருக்கு இருக்கிறது. நின்று பேசவைத்து நேரத்தைத் தின்னாதீர்கள். லயத்தில் சாயத்தண்ணி குடிக்கச் சொன்னால் மறுக்காமல் குடியுங்கள், காசு நீட்டி அவமதிக்காதீர்கள். கையில் இருக்கும் பிஸ்கட் பக்கெட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பொலித்தீன் ஒன்றைக்கூடப் பாதையில் விடாமல் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்புதல்

கலஹாவை அடைந்ததும் முதல் வேலை வீட்டுக்கு அழைப்பது, இரண்டாவது பஸ் நேரத்தை விசாரிப்பது, மூன்றாவதுதான் தேத்தண்ணி. சப்பாத்தைக் கழற்றிக் காலுறைக்குள்ளும் இடுப்புப்பட்டியின் கீழும் அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பஸ்ஸில் ஏறுங்கள். பக்கத்து ஆசனத்தவருக்கு அது மரியாதை. பேராதனையில் இறங்கிய பிறகு கொழும்பு பஸ் அடிக்கடி வரும். ரயிலில் திரும்ப விரும்பினால் பேராதனைச் சந்தி நிலையத்தில் நிற்கும் ரயில்களின் நேரத்தைக் காலையிலேயே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், புயலுக்குப் பின் கால அட்டவணை பழையபடி இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பாதை கைவந்த பிறகு, கலஹாவிலிருந்து லூல்கந்துர வரையிலான அடுத்த கட்டத்தை எண்ணலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்ட தோட்டம் அது. ஆனால் அந்தப் பாதை நீளமானது, ஏற்றமும் கூடியது, முடியும் இடத்திலிருந்து பஸ் அரிது. கொழும்பிலிருந்து ஒரே நாளில் அதைச் செய்ய முயல வேண்டாம். முதல்நாள் இரவு கண்டியிலோ கலஹாவுக்கு அருகிலோ தங்கி, மறுநாள் விடிந்ததும் தொடங்கி, திரும்பிவர முச்சக்கரவண்டி ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு போங்கள்.